இருமுறை தட்டினால்

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் வர இயலாததால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். பட்டறையில் நாங்கள் நான்கு பேர். சிற்பியான என் அண்ணன் ஜன்னலோரம் முக்காலியில். உங்கள் பெரியக்கா எதிரே நாற்காலியில். வார்ப்புக்காரர் கதவருகே தகர டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல். நான் சுவரோரம் மரப்பெட்டியில். நடுவே சுழல்மேசையில் உங்கள் சின்னக்காவின் வெண்கலத் தலை, தோள்வரை.

மத்தியான வெயில் அதன் கன்னத்தில் கிடந்தது. மெழுகும் அமிலமும் கலந்த வாடை. பெரியக்கா அதை வீட்டுக்கு எடுத்துப்போக வந்திருந்தார். கொடுக்க மனமில்லாமல் அண்ணன் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"இத்தனை வருஷம் கூட இருந்தா. உருப்படியா ஒரு கட்டில் வாங்கிக் குடுத்தீங்களா? இப்ப தலையைப் பளபளன்னு தேய்க்கிறீங்க" என்றார் பெரியக்கா.

"விடுங்கம்மா, இதாவது எதிர்த்துப் பேசாது" என்று வார்ப்புக்காரர் சிரிக்கப் பார்த்தார்.

முக அச்சு எடுப்பதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். படுக்கவைத்து, மூக்கில் இரண்டு குழாய் செருகி, முகம் முழுக்க பிளாஸ்டர் பூசுவார்கள். இறுகும்வரை வாய் திறக்க முடியாது. மேசையை இருமுறை தட்டினால் உடனே எடுத்துவிட வேண்டும். அது அண்ணனின் பட்டறை வழக்கம். சின்னக்காவுக்கு அச்சு எடுத்த அன்று வேறு யாரும் இல்லை. அன்று மாலை தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டது என்று அண்ணன் சொன்னான். அழுதான். நம்பினோம்.

டொக். டொக்.

"ஆறும்போது உலோகம் இப்படித்தான்..." வார்ப்புக்காரர் பாதியில் நிறுத்தினார். வார்த்து மாதக்கணக்காகிறது.

டொக். டொக்.

தலைக்குள்ளிருந்து.

அண்ணன் நிமிரவில்லை. தினமும் கேட்டுப் பழகியவன் போல, துடைத்தபடியே மெல்லச் சொன்னான்:

"இன்னும் கொஞ்ச நேரம்தான்டா கண்ணு. இறுகிடட்டும். அசையாத."

பெரியக்கா எழுந்தார்.

"அன்னைக்கும் தட்டினாளா?"

துணி அண்ணன் கையிலிருந்து நழுவியது.

"நல்லா வந்துட்டிருந்துச்சு... குழாய்ல ஏதோ அடைச்சிருக்கு. எனக்குத் தெரியல. தட்டினது கேட்டுச்சு. கொஞ்ச நேரம்தானேன்னு நெனச்சேன்."

தட்டல் வேகமாயிற்று. இரண்டிரண்டாக அல்ல, இடைவிடாமல்.

"மூக்கைத் திறங்கய்யா!" பெரியக்கா அலறினார்.

வார்ப்பில் மூக்குத் துளைகள் வெறும் குழிகள்தாம். பின்னால் வெண்கலம் அடைத்திருந்தது. வார்ப்புக்காரர் துளைக்கருவியை எடுத்து இரண்டையும் துளைத்தார். கடைசி உலோகச் சுருள் உதிர்ந்ததும் தட்டல் நின்றது.

துளைவழியே வெதுவெதுப்பாக ஒரு காற்று வந்தது.

அண்ணன் செருப்புகூடப் போடாமல் காவல் நிலையத்துக்கு நடந்தான். வார்ப்புக்காரர் கூடப் போனார். "என்னால இதைத் தொட முடியாதும்மா" என்று பெரியக்காவும் கிளம்பிவிட்டார்.

தம்பி, எந்த முகத்தோடு உங்களிடம் மன்னிப்புக் கேட்பேன்? அண்ணியாகாமலே எனக்கு அண்ணியாக இருந்தவள். நீங்கள் வந்து இவளை அழைத்துப்போங்கள். உருக்கிவிடு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

இங்கே வேறு மேசை இல்லாததால் அவள் முன்னால் வைத்துத்தான் எழுதுகிறேன். ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருக்கின்றன. தாளின் ஓரம் எழும்பித் தாழ்கிறது. மறுபடி எழும்பித் தாழ்கிறது.

தூங்குகிறாள் போலிருக்கிறது. உறையை ஒட்டிவிட்டேன் என்றால், சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு தபால் பெட்டிக்குப் போய்விடுவேன்.