வடக்குச் சுவரில் எலிகள் இல்லை

திட்டின் வடக்குக் கோடியில், கற்சுவரை ஒட்டி வைத்த பத்துப் பொறிகளும் காலியாகக் கிடந்தன. கதவுகள் திறந்தபடி, உள்ளே ஓட்ஸ் தொடப்படாமல். முந்தின நாள்வரை ஒவ்வொன்றிலும் ஒரு சுண்டெலி வைக்கோலுக்குள் சுருண்டு கிடந்த பொறிகள்.

ரன்வா குறிப்பேட்டில் பூஜ்யங்களை எழுதினாள். வட அட்லாண்டிக்கில், ஃபாரோ தீவுகளின் கடைசியில், ஆள் குடியில்லாத இந்தப் பாறைத்திட்டில், ஆய்வுக்காகச் சுண்டெலிகளைப் பிடித்து எடைபோட்டுத் திரும்ப விடுவதற்கு அவள் வந்து பத்தொன்பது நாள் ஆகிறது. புல்கூரை போட்ட ஒற்றை வீடு. பேச்சுத்துணைக்கு, மாலையில் வயர்லெஸ்ஸில் வரும் படகுக்காரர் சாக்கரிஸ் மட்டும்.

மறுநாள் இரண்டாம் வரிசையும் காலி. அதற்கடுத்த நாள் மூன்றாவது. வீட்டருகே இருந்த பொறிகளிலோ ஒன்றுக்கு மூன்றாக அடைந்திருந்தன. கையில் எடுத்தால் வெடுக்கென்று கடிப்பவை, இப்போது அவள் சட்டைக் கைக்குள் புகுந்துகொள்ளப் பார்த்தன.

"எல்லாம் வீட்டைப் பாத்து வருதுங்க, சாக்கரிஸ். வடக்கேருந்து எதுவோ விரட்டுற மாதிரி இருக்கு."

"எலி பிடிக்கப் போனவளுக்கு எலி தேடி வந்தா கசக்குதாக்கும்?" என்று சிரித்தார். பிறகு குரல் தணிந்தது. "அங்க பூனைகூட கெடையாதும்மா. மூடுபனி விலகட்டும், வந்து கூட்டிட்டுப் போறேன். கதவைச் சாத்திக்க."

மூடுபனி விலகவில்லை. முதல் வரிசை காலியான ஐந்தாம் நாள் பிற்பகல், கடலின் இரைச்சலும் பறவைகளின் கூச்சலும் பஞ்சில் பொதிந்தாற்போல் மங்கிப்போக, ஈரக் கம்பளி அழுகியது போன்றதொரு நாற்றம் கதவிடுக்கில் கசிய, வீட்டுச் சுவரின் கல்லிடுக்குகளிலிருந்து எலிகள் உதிரத் தொடங்கின. நூறு. இருநூறு. எண்ணுவதை விட்டுவிட்டாள். தாழ்ப்பாளைப் போட்டு, மேசையை இழுத்து முட்டுக்கொடுத்துவிட்டு, அடுப்புக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

எலிகள் மடியில் ஏறின. தோளில். கழுத்தடியில். இத்தனை நாளாக இன்னோர் உடம்பின் சூடு அறியாதவள், வெட்கமில்லாமல் அவற்றை அணைத்துக்கொண்டாள். ஒன்றுகூடக் கீச்சிடவில்லை. எல்லாக் கண்களும் கதவையே பார்த்தன.

வெளியே சரளைக்கல் நெரிபட்டது. ஒரே முறை.

தாழ்ப்பாள் அசையவில்லை.

வயர்லெஸ் கரகரத்தது. "ரன்வா? மூடுபனியப் பாக்காம கரைக்கு வந்துட்டேம்மா. மேல ஏறி வர பத்து நிமிஷம் ஆகும். கேக்குதா?"

பதில் சொல்ல வாயெடுத்தாள்.

அப்போது எலிகளின் தலைகள் திரும்பின. எல்லாம் ஒருசேர. கதவைவிட்டு விலகி, உள்சுவர் ஓரமாக, மெல்ல மெல்ல, நடந்து வரும் ஒன்றைத் தொடர்வதுபோல். அந்தக் கண்கள் மேசையைக் கடந்தன. கட்டிலைக் கடந்தன.

அவள் முதுகுக்குப் பின்னால் நிலைகுத்தின.