சினிமாப் பெட்டிக்குத் துருத்திக் காற்று

அந்தமானின் பெரார்கஞ்ச் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷமாக மரகதத்தைக் கண்டால் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"உங்க அப்பா சினிமா எப்ப வருது?"

கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அதிலும் கடைக்காரர் பன்னீர்செல்வத்தின் மகன் உதயசூரியன் கேட்கிற விதமே தனி. கைகட்டி, தலை குனிந்து, ரொம்ப மரியாதையாக, "டிக்கெட் எவ்வளவுங்க?" என்பான்.

அப்பாவைச் சினிமாவுக்குப் பிடித்தார்கள் என்று மரகதம் சொன்னது ஒன்றும் பொய்யில்லை. போன வருஷம் மெயின்லேண்டிலிருந்து, அதாவது இந்தியப் பெருநிலத்திலிருந்து, கப்பலில் சில படக்காரர்கள் வந்தார்கள். அந்தமானில் குடியேறியவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று ஊர் ஊராகப் போய்ப் படம் பிடித்தார்கள். மரகதத்தின் அப்பா ஜம்புலிங்கம் கொல்லர். அவருடைய பட்டறைக்கும் வந்து, அவர் கலப்பைக்குக் கொழு அடிப்பதைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அன்று ஊரே வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தது. அதனால் பார்த்த சாட்சி ஒருவரும் இல்லை.

அப்பாவோ இதையெல்லாம் பெரிதாகச் சொல்லிக்கொள்கிற ஆள் இல்லை. "சிரிக்கிறவங்க சிரிக்கட்டும் தாயி. நீ காத்தை விடு" என்பார், இரும்பைத் திருப்பிப் போட்டபடி.

காற்று விடுவது மரகதத்தின் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பட்டறையில் போய் உட்காருவாள். அவர்களுடையது தோல் துருத்தி அல்ல, சக்கரத் துருத்தி. கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே இரும்பு இதழ்கள் சுழலும். குழாய் வழியாக 'விர்ர்ர்' என்று காற்று பாயும். அவள் ஒரே சீராகச் சுற்றுவாள். கருப்பாக இருக்கும் இரும்பு கொஞ்ச நேரத்தில் செக்கச்செவேல் என்று ஆகிவிடும்.

கடைசியில் ஒருநாள் அந்தப் படம் வந்தே விட்டது!

போர்ட் பிளேரிலிருந்து ஜீப்பில் புரொஜெக்டரைக் கொண்டுவந்தவர் ஆபரேட்டர் கோவிந்தராஜ். பள்ளி மைதானத்தில் இரண்டு மூங்கிலை நட்டு வெள்ளைத் துணியைக் கட்டினார். ஜெனரேட்டரைத் தூரமாக வைத்தார். "இன்னைக்கு ராத்திரி ஒரே ஷோதான். காலையில பெட்டி படகுல அடுத்த தீவுக்குப் போயிடும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

பொழுது சாய்வதற்குள் மைதானம் நிரம்பிவிட்டது. தமிழ்க்காரர்கள், வங்காளிகள், மலையாளிகள், தெலுங்குக்காரர்கள் எல்லாரும் பாயும் பிள்ளைகளுமாக வந்து இடம் பிடித்தார்கள். நங்கூரம் அடித்து வாங்க வண்டூரிலிருந்து வந்த படகுக்காரர் மிக்கேல்கூட ஊருக்குத் திரும்பாமல் உட்கார்ந்துவிட்டார்.

மரகதம் முன்வரிசையில் இருந்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தான் உதயசூரியன்.

"இப்பத் தெரிஞ்சிரும்" என்றான்.

"தெரியட்டும்" என்றாள் மரகதம். வெளியே வீறாப்பாகச் சொன்னாளே ஒழிய, உள்ளே பயம்தான். படக்காரர்கள் அப்பா வருகிற காட்சியை வெட்டி எறிந்திருந்தால்?

விளக்கு எரிந்தது. திரையில் ஒரு கப்பல் வந்தது. இந்தியில் ஒரு குரல் பேசியது. கப்பலிலிருந்து மூட்டை முடிச்சுகளோடு ஜனங்கள் இறங்கினார்கள். அவ்வளவுதான். ஏதோ தீய்கிற நாற்றம் வந்தது. படம் பட்டென்று அணைந்தது.

"க்யா ஹுவா? என்ன ஆச்சு?" என்று எல்லாப் பக்கமும் கூச்சல்.

கோவிந்தராஜ் பெட்டியின் மூடியைத் தொட்டு, 'ஸ்ஸ்' என்று கையை உதறினார். "பல்புக்குக் காத்தடிக்கிற குட்டி ஃபேன் துருப்பிடிச்சு நின்னுபோச்சு. காத்து இல்லாம பல்பைப் போட்டா வெடிச்சிரும். இருக்கிறதே இந்த ஒரு பல்பு. ஷோ பந்த்!"

மரகதத்துக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு வருஷம் காத்திருந்தது ஒரு கப்பலைப் பார்க்கவா?

மிக்கேல் எங்கிருந்தோ ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "என் போட் எஞ்சினுக்கு ஃபேனா இருக்கு? கடல் தண்ணியை உள்ளே விட்டு வெளியே விடுறோம், ஐஸ் மாதிரி ஓடுதுலா! நகருங்க, ஊத்துறேன்!"

"ஐயோ, வேண்டாம்!" கோவிந்தராஜ் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "கொதிக்கிற கண்ணாடி மேல ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் தூள் தூளாயிரும். அந்த வாளியை என் கண்ணுல காட்டாதீங்க!"

மிக்கேல் முகத்தைத் தூக்கிக்கொண்டு வாளியைக் கீழே வைத்தார்.

பிறகு ஆளாளுக்கு ஓலை விசிறியோடு வந்து பெட்டியைச் சூழ்ந்துகொண்டு விசிறினார்கள். கோவிந்தராஜும் பாவம், பல்பைப் போட்டுப் பார்த்தார். மூடி சுட்டது சுட்டபடியே இருந்தது. விளக்கை அணைத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

மரகதம் கூட்டத்துக்குள் நுழைந்து பெட்டியை உற்றுப் பார்த்தாள். கோவிந்தராஜ் ஃபேனைக் கழற்றி எடுத்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை இருந்தது. விசிறிக் காற்றெல்லாம் வெளியே சுற்றிவிட்டுப் போகிறது. ஓட்டைக்குள் போவதே இல்லை.

"சார், காத்து இந்த ஓட்டை வழியாத்தானே உள்ளே போகணும்?"

"ஆமாம்மா."

"எங்க பட்டறைத் துருத்தியைக் கொண்டுவரட்டுமா?"

உதயசூரியன் விழுந்து விழுந்து சிரித்தான். "துருத்தி நெருப்பை வளர்க்கிற சாமானில்லையா? பல்பு இன்னும் கொதிக்கும்!"

அவன் மட்டுமல்ல, பெரியவர்களும் சிரித்தார்கள். மரகதத்துக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவளுக்குப் பேச்சும் நன்றாக வரும்.

"கரி இருந்தாத்தான்டா நெருப்பு வளரும். பல்புக்குள்ள கரி ஏது? சுடுசோத்தை ஊதி ஊதித் தின்கிறியே, என்னைக்காவது உன் சோறு தீப்பிடிச்சிருக்கா?"

சிரிப்பு அப்படியே உதயசூரியன் பக்கம் திரும்பியது. கோவிந்தராஜ் மட்டும் சிரிக்கவில்லை. தாடையைத் தடவியபடி, "அரே, சரியாத்தான் சொல்லுது பொண்ணு. சலோ, கொண்டுவாங்க" என்றார்.

பட்டறை பக்கத்தில்தான். ஜம்புலிங்கமும் மிக்கேலும் துருத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"நில்லுங்கப்பா" என்று தடுத்தாள் மரகதம். "குழாய்ல கரித்தூள் இருக்கும். பல்பு மேல அடிக்கும்."

குழாயைக் காலியிடமாகப் பார்த்துத் திருப்பி வேகமாகச் சுற்றினாள். குபீரென்று கரித்தூள் பறந்தது. காலியிடம் என்று அவள் நினைத்த இடத்தில், என்னதான் நடக்கிறது என்று எட்டிப் பார்க்க வந்த உதயசூரியன் நின்றுகொண்டிருந்தான். அவனுடைய வெள்ளைச் சட்டை அடையாளம் தெரியாமல் போயிற்று.

"வேணும்னு பண்ணலை" என்றாள் மரகதம். உண்மையாகவே வேண்டுமென்று செய்யவில்லை. ஆனாலும் மைதானம் முழுக்கக் கைதட்டியது.

குழாய் சுத்தமாகும்வரை சுற்றிவிட்டு, அதன் வாயில் ஒரு பழைய சைக்கிள் டியூபை மாட்டினாள். இன்னொரு முனையை ஜம்புலிங்கம் ஓட்டையில் சொருகி, சுற்றிலும் துணியை அடைத்துக் கட்டினார். கைப்பிடியைப் பிடிக்க மிக்கேல் ஆசையாக முன்னால் வந்தார். சுற்றினார் பாருங்கள், புயல்தான்! பெட்டி கிடுகிடுவென்று ஆடியது.

"மாமா, விடுங்க. படம் ஆடிப்போயிரும்" என்று மரகதம் உட்கார்ந்தாள். ஒரே சீராகச் சுற்ற ஆரம்பித்தாள். விர்ர்ர்.

கோவிந்தராஜ் பல்பைப் போட்டார். மூடியில் கை வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வைத்தார். கையை எடுக்கவே இல்லை. "டீக் ஹை, சரியா இருக்கு! நிறுத்தாம சுத்தும்மா!"

கப்பல் வந்தது. ஜனங்கள் இறங்கினார்கள். காடு வந்தது, யானை மரம் இழுத்தது, வயல் வந்தது. மரகதம் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தபடியே சுற்றினாள். வயலும் முடிந்துவிட்டது. அப்பாவைக் காணோம்.

அப்போது திரையில் தீப்பொறி பறந்தது. ஒரு சுத்தியல் ஓங்கி இறங்கியது. வேர்வை வழிய, கொழுவைப் புரட்டிப் புரட்டி அடித்தபடி, திரை முழுக்க நின்றார் அப்பா!

"ஜம்புலிங்கம்! நம்ம ஜம்புலிங்கம்!"

மைதானமே எழுந்து நின்றது. ஜம்புலிங்கம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். உதயசூரியன் கரி முகத்தோடு வாயைப் பிளந்தான். மரகதம் கையை நிறுத்தவில்லை.

படம் மெல்ல நகர்ந்தது. ஒரு கைப்பிடி தெரிந்தது. அதைச் சுற்றும் சின்னக் கை. அப்புறம் இரட்டைப் பின்னல், மூக்கில் கரி, வாயோரத்தில் துருத்திய நாக்கு. மரகதமேதான்!

"காத்தை விட்டுக்கிட்டே இரு, கேமராவைப் பார்க்காதே" என்று அன்றைக்குப் படக்காரர் சொன்னார். தான் படத்தில் இல்லை என்றுதான் இத்தனை நாளும் அவள் நினைத்திருந்தாள்.

"அங்கே பாருங்க!" என்று யாரோ பின்பக்கம் கை காட்டினார்கள். ஊரே திரும்பியது. அதே கைப்பிடி, அதே சுற்று. நாக்கும் அதே வாயோரத்தில்தான் இருந்தது. ஜனங்கள் திரையைப் பார்ப்பதும் அவளைப் பார்ப்பதுமாகக் கழுத்தைத் திருப்பித் திருப்பிக் கைதட்டினார்கள். ஜம்புலிங்கம் துண்டை எடுத்துவிட்டார். யார் பார்த்தால் என்ன என்று, "என் மக!" என்றார் சத்தமாக.

படம் முடிந்ததும், "இன்னொரு தடவை! பிர் சே!" என்று எல்லா மொழியிலும் ஒரே ஆரவாரம்.

உதயசூரியன் மரகதத்தின் பக்கத்தில் வந்து நின்றான். கொஞ்ச நேரம் காலால் மண்ணைக் கிளறினான்.

"நீ முன்னால போய் உட்கார்ந்து பாரு. நான் சுத்துறேன்" என்றான்.

"சீராச் சுத்தணும்."

"தெரியும், தெரியும். இவ்வளவு நேரம் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

மரகதம் கைப்பிடியை அவனிடம் கொடுத்துவிட்டு, முன்வரிசையில் அப்பாவின் பக்கத்தில் போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். கப்பல் வந்தது, யானை வந்தது, அப்பா வந்தார். பின்னால் துருத்தியின் சத்தம் திடீரென்று வேகமெடுத்தது. படம் லேசாக நடுங்கியது.

"மெதுவாச் சுத்துடா, உதயா!" என்று மரகதம் திரும்பாமலே கத்தினாள். திரையில் இருந்த மரகதம் மட்டும் அவசரமே இல்லாமல், ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருந்தாள்.