இன்னும் ரெண்டடி

என் நண்பன் சதீசனின் ஆண்டுத் திவசத்துக்கு நினைவு மலர் அடிக்கிறார்கள். அட்டைக்கு அந்தத் தீவின் படம் வேண்டும் என்று அவன் மனைவி கேதீஸ்வரி கேட்டாள். அவன் கடைசியாக எடுக்கப் பார்த்த படம். மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

“அண்டைக்கு நீங்க கிட்ட நிண்டிருந்தா அவரப் பிடிச்சிருப்பீங்கதானே, ரூபன் அண்ணா,” என்றாள்.

ஓம் என்றேன். தீவின் மறுகரையில் நின்றேன் என்பது செத்த வீட்டில் நான் சொன்ன பொய்.

பின்னேரம் நாலு மணிக்கு நல்லரத்தினம் அண்ணன் தோணியில் கொண்டுபோய் இறக்கினார். வாவி நடுவே கையகல மண், சேற்றில் வேரூன்றிய கண்ணாமரப் பற்றை, ஒல்லாந்தர் காலத்து இடிந்த சுவர் ஒன்று. அவ்வளவுதான் தீவு.

“சுவர விட்டுத் தள்ளிப் போகாதீங்க தம்பி. பின்னுக்குச் சேறு, அங்கால தண்ணிக்குள்ள ஆழக் கிடங்கு.”

எனக்கா தெரியாது?

காற்றே இல்லை. அழுகிய பாசியின் மணம். ஓரிடத்தில் நிற்க முடியாமல் கரையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். எந்தக் கோணமும் பிடிக்கவில்லை.

பிறகுதான் ஈர மணலில் அந்தக் குழிகளைக் கண்டேன்.

கமராத் தாங்கியின் மூன்று கால்கள் பதிந்த குழிகள். இரண்டு அகலம். ஒன்று ஆணி குத்தியதுபோல் ஒடுக்கம். சதீசனின் தாங்கியில் ஒரு காலுக்கு ரப்பர் இல்லை. புதிதாக ஒன்று வாங்கடா என்று எத்தனை தரம் ஏசியிருப்பேன். கிடங்கிலிருந்து அவன் உடலை எடுத்தார்கள். தாங்கி கிடைக்கவேயில்லை.

குழிகளில் அப்போதுதான் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

இரண்டடி பின்னால் இன்னும் மூன்று. அதற்கும் பின்னால் மூன்று.

ஏன் செய்தேனோ தெரியாது, என் தாங்கியை அந்தக் குழிகளிலேயே ஊன்றிக் கமராவில் கண்ணை வைத்தேன். சுவர் முழுதாகப் படத்துக்குள் விழவில்லை. அடுத்த குழிகளுக்குப் போனேன். அப்போதும் விழவில்லை.

“இன்னும் ரெண்டடி.”

சுவரடியிலிருந்து வந்தது.

என் குரல்.

போன வருடம் அதே சுவரில் சாய்ந்து நின்று, கையை ஆட்டி ஆட்டி அவனைப் பின்னால் போகச் சொன்னது நான்தான். என்னை நம்பிப் போனான்.

என்னையறியாமல் தாங்கியோடு இன்னும் பின்னால் போயிருந்தேன். குனிந்து பார்த்தேன். தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. விரல் தானாகப் பொத்தானை அமர்த்தியது. தாங்கியைத் தூக்கிக்கொண்டு தோணிக்கு ஓடினேன்.

வாழைச்சேனைக்கு வந்து, வீட்டிலுள்ள எல்லா விளக்கையும் போட்டுவிட்டுத்தான் படத்தைத் திறந்தேன். சுவர் முழுதாகப் படத்துக்குள் விழுந்திருந்தது. சுவரடியில் நீலச் சட்டைக்காரன் ஒருவன் கையை நீட்டி நின்றான்.

அந்தச் சட்டையை நான் போன வருடமே எரித்துவிட்டேன்.

படத்தை அழித்தேன். மனம் ஆறவில்லை. கார்டையும் கழற்றிக் கத்தரிக்கோலால் நறுக்கினேன். யாருக்கும் எதுவும் அனுப்பவில்லை.

விடியக் கேதீஸ்வரியின் செய்தி வந்திருந்தது.

“படம் கிடைச்சுது அண்ணா. சுவருக்குக் கிட்ட நிக்கிறது நீங்கதானே? கையால அவருக்கு என்ன காட்டுறீங்க?”