அடுத்த ரத்தம்

ஃபெர்கார் பிரபு இறந்த செய்தி எட்டியதுமே மரியோட்டா மலையிறங்கி, தூறலில் நனைந்தபடி ஏரிக்கரைக் கோட்டைக்கு வந்து சேர்ந்தாள். பிரபுவின் அப்பா டங்கனுக்கும் ஒரு பால்காரிக்கும் பிறந்தவள் அவள். ஊருக்கே தெரிந்த ரகசியம்தான். ஆனாலும் ஆட்டுப்பட்டியிலேயே காலம் தள்ளியவளை யாரும் கோட்டைக்குள் கூப்பிட்டதில்லை. ஃபெர்கார் குதிரையில் அவ்வழியே போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்த வயிற்றெரிச்சல் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

கூடத்தில் பிரபுவைக் கிடத்தி, ஊர் வழக்கப்படி மார்பில் உப்புத் தட்டு வைத்திருந்தார்கள். மன்னருக்காகப் போன போரில் மூன்று மகன்களையும் பறிகொடுத்தவர். அவரோடு வம்சம் முடிகிறது என்று எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். சாவு வீட்டில் வம்சப் பெயர்களை வரிசையாகச் சொல்லும் கில்லிஸ் தொண்டையைச் செருமினார்.

"என் பேரையும் சேத்துச் சொல்லும்" என்றாள் மரியோட்டா.

"பால்காரி மகளுக்குக் கோட்டை கேக்குதோ?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"கோட்டை கெடக்குது. இவரு என் அண்ணன்னு ஊரு கேக்கச் சொல்லும். அது போதும்."

கில்லிஸ் அவளை ஓரமாகக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார். "நல்லா யோசிச்சுக்கோம்மா. ஏரி நடுவுல தீவு இடுகாட்டுல கடைசியாப் பொதைச்சவங்கதான் வாசல்ல காவல் நிக்கணும். அடுத்த ஆள் வந்தாத்தான் விடுதலை. அதுவும் இந்த ரத்தமா இருக்கணும். உன் பேரைச் சொல்லிட்டா அடுத்த ஆளு நீதான்."

"சாவு எல்லாருக்கும்தான் வருது. வரும்போது பாத்துக்கலாம்."

"இப்பக் காவல் நிக்கப்போற உன் அண்ணனுக்குப் பொறுமை கிடையாதும்மா."

அவள் பிடிவாதமாக நின்றாள். கில்லிஸ் பாட்டன் முப்பாட்டன் பெயர்களையெல்லாம் ராகமாக இழுத்துச் சொல்லி, கடைசியில், "டங்கனின் மகள் மரியோட்டா" என்று முடித்தார். அவள் வாய்விட்டு அழுதாள். துக்கத்தால் அல்ல.

தீவில் அடக்கம் முடிந்ததும் கூட்டம் கலைந்தது. வேலைக்காரர்களும் வீடு போய்விட்டார்கள். இருட்டத் தொடங்கிய நேரம், கோட்டைக் கூடத்து நீண்ட மேசையின் ஒரு கோடியில் தனியாக உட்கார்ந்து ஓட்ஸ் கஞ்சி குடித்தாள் மரியோட்டா. வெளியே பனிமூட்டம் ஏரியை மூடியிருந்தது. தோண்டிப் போட்ட ஈரமண் வாசனை எங்கிருந்தோ உள்ளே வந்தது.

கூழாங்கற்களில் காலடிச் சத்தம்.

மெதுவாக வந்து கதவருகே நின்றது.

அவள் ஓடிப்போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள்.

"குளிருது மரியோட்டா. ஒத்தையா நிக்கிறேன். பசங்க மூணு பேரும் இடுகாட்டுக்குள்ள காத்துக்கிட்டிருக்காங்க. காவலுக்கு ஆள் மாத்தாம என்னால அவங்ககிட்ட போக முடியல."

"நான் வரமாட்டேன். போயிடுங்க!"

கதவிடுக்கு வழியாக ஏரித் தண்ணீர் கசிந்து அவள் பாதத்தை நனைத்தது.

"தங்கச்சி."

உயிரோடு இருந்தவரை ஒருநாளும் அந்த வாயிலிருந்து வராத வார்த்தை. காரியம் ஆகத்தான் கூப்பிடுகிறார் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. தெரிந்தும் மனசு கேட்கவில்லை.

தாழ்ப்பாளைத் திறந்தாள்.

மறுநாள் ஏரியில் மிதந்தவளைக் கில்லிஸ்தான் கரைசேர்த்து, தீவில் அண்ணனுக்குப் பக்கத்தில் புதைத்தார். அவளுக்குப் பிறகு அந்த வம்சத்தில் சொல்ல ஒரு பெயர் இல்லை.

மீன்பிடிப் படகுகள் இப்போது தீவைச் சுற்றித் தள்ளியே போகின்றன. பனிமூட்டம் இறங்கினால் இடுகாட்டு வாசலில் ஒரு பெண்குரல் உள்ளே நோக்கிக் கெஞ்சுவது கேட்கிறது.

"அண்ணே, ஒரு வார்த்தை பேசிட்டுப் போங்களேன்."