ஐந்தாம் வரிசையில் பச்சை

திரையில் ஓடிய கன்டெய்னர் லிஸ்டில், ஐந்தாம் வரிசையில் ஒரு சிவப்புக் கட்டம் பச்சையாக மாறியது.

ஈவாஞ்சலின் கீபோர்டைத் தொடவில்லை. அவள் கையில் டிபன் டப்பாவின் மூடி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணி. தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய அந்தக் கன்டெய்னர் யார்டின் மாடி அலுவலகத்தில் அவளைத் தவிர யாருமில்லை. கச்சான் காற்று மேற்கிலிருந்து வந்து ஜன்னல் கண்ணாடியை ஓயாமல் உலுக்கிக்கொண்டிருந்தது. அதோடு வந்த உப்பளத்துப் பொடியும் நிலக்கரித் தூசியும் எந்த இடுக்கு வழியாகவோ நுழைந்து, தயிர்ச்சோற்றில்கூட நறநறவென்று கடிபட்டன.

சிவப்பு என்றால் அந்தக் கன்டெய்னர் பெட்டிக்குள் விஷவாயு இருக்கிறது. கப்பலில் வந்த முந்திரிக்கொட்டை மூட்டைகளில் பூச்சியைக் கொல்ல அடைக்கிற வாயு. நிறம் கிடையாது, மணம் கிடையாது. கதவைத் திறந்து காற்றாட விட்டு, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் பச்சை போடுவார்கள். ஐந்தாம் வரிசையின் ஐந்து பெட்டிகளுக்கும் நேற்றுச் சாயங்காலம்தான் வாயு அடைத்திருந்தது.

கட்டத்தை அழுத்திப் பார்த்தாள். மாற்றிய நேரம் 2.31. மாற்றியவர்: ஈவாஞ்சலின்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்துக் கட்டமும் பச்சையானது.

மேனேஜர் ஜெயகணேஷ் ஏரலில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார். போனில் நாதஸ்வரம் காதைக் கிழித்தது.

"சார், லிஸ்ட நீங்க மாத்துறியளா?"

"நான் பந்தியில இருக்கேன்ம்மா. என்ன மாத்துறது?"

"என் பேர்ல யாரோ உள்ள வந்து மாத்துறாங்க சார். மொத்தமா ஆஃப் பண்ணிரட்டுமா?"

"ஐயோ, எதையும் தொடாத! கப்பல் வேலை நின்னா மொதலாளிக்கு யாரு பதில் சொல்லுதது? அவருகிட்ட கேட்டுட்டுக் கூப்பிடுதேன்."

மூன்றாவது கட்டம். பச்சை.

போன மாதம் அவள் ஒரு தாள் எழுதிக் கொடுத்திருந்தாள். கம்ப்யூட்டருக்குள் யாராவது புகுந்தால் எதை முதலில் நிறுத்துவது, யாருக்குச் சொல்வது, முடிவெடுப்பது யார், லிஸ்ட் இல்லாமல் யார்டை எப்படி நடத்துவது. ஜெயகணேஷ் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சிரித்தார். "நம்ம யார்டுக்கு எவம்மா வரப்போறான்?"

கம்ப்யூட்டர் பார்க்கும் ஆள் சென்னையில் இருந்தான். நான்கு முறை அடித்த பிறகு எடுத்தான். "உடனே வயரைப் புடுங்குங்க மேடம்," என்றான். எந்த வயர் என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது. மேஜைக்கடியில் குனிந்தாள். நீலமும் கறுப்புமாக முப்பது வயர்கள், ஒன்றிலும் பெயரில்லை. புழுதி மணம். எங்கோ ஒரு மின்விசிறி சுழலும் சத்தம்.

நிமிர்ந்தபோது திரையில் ஒரு வெள்ளைக் கட்டம் திறந்திருந்தது. அதில் அவள் பெயர். ஒவ்வோர் எழுத்தாக, நிதானமாக, யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள். திரைக்கு மேலிருந்த கேமராவில் ஒரு பச்சைப் பொட்டு எரிந்தது. அவள் இடப்பக்கம் நகர்ந்தாள். தட்டுவது நின்றது. மறுபடி நாற்காலிக்கு முன்னால் வந்தாள். தட்டுவது தொடர்ந்தது.

கேமராமீது துப்பட்டாவைப் போட்டாள். ஜெயகணேஷ் இன்னும் கூப்பிடவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இதே லிஸ்ட்தான் கீழே மேஸ்திரி பொன்னுதுரையின் டேப்லட்டிலும் ஓடும். அதைப் பார்த்துத்தான் அவர் ஆட்களைப் பெட்டிக்குள் அனுப்புவார். கம்ப்யூட்டர் வந்த பிறகு கதவில் எச்சரிக்கைத் தாள் ஒட்டும் பழக்கமே நின்றுபோயிருந்தது.

இப்போது ஐந்து பெட்டிகளும் பச்சை. முதல் பெட்டி பச்சையாகிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

யார்டு ஒலிபெருக்கியின் மைக்கை அழுத்தினாள். அதுவும் கம்ப்யூட்டர் வழியாகத்தான். சத்தமில்லை. பொன்னுதுரையின் நம்பர் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. தேடினாள். திரை கறுத்தது.

ஓடினாள்.

இரும்புப் படிகள். வெயில். எதிர்க்காற்று. "அண்ணாச்சீ!" என்று கத்தினாள். காற்று அந்தச் சத்தத்தை அவள் வாயிலிருந்தே பிடுங்கிப் பின்னால் எறிந்தது. முதல் வரிசை. இரண்டாம் வரிசை. செருப்பு ஒன்று கழன்றது. கொதிக்கும் சிமெண்ட் தரை. நான்காம் வரிசை தாண்டியதும் காதில் விழுந்தது, மூட்டைகள் விழும் சத்தம். தொம். தொம். தொம்.

ஐந்து பெட்டிகளும் திறந்து கிடந்தன.

பொன்னுதுரை வெளியே நின்றார். "என்னம்மா இப்படி ஓடி வாரிய?"

"ஆளுங்கள வெளிய கூப்பிடுங்க! உள்ள வாயு இருக்கு!"

"பச்சை காட்டுச்சே..." டேப்லட்டை அவளிடம் நீட்டினார். அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு முதல் பெட்டியின் பக்கம் திரும்பிக் கத்தினார். "ஏலே டிக்சன்! ஏலே ரெக்சன்! வெளிய வாங்கலே!"

யாரும் வரவில்லை.

இரண்டாவது பெட்டியில் சத்தம் நின்றது. மூன்றாவதிலும். நான்காவதில் ஒருவன் இருமினான், சிரிப்பதுபோல இருந்தது அது, பிறகு ஏதோ கனமாகச் சாய்ந்தது. ஐந்தாவதில் மட்டும் இன்னும். தொம்.

தொம்.

பொன்னுதுரை முதல் பெட்டிக்குள் பாயப்போனார். "எம் மருமவன்ம்மா டிக்சன்," என்றார். அவள் இரண்டு கைகளாலும் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சட்டை கிழிந்தது. அவள் விடவில்லை.

கதவு வழியே விழுந்த வெயிலில் தூசி மெல்லச் சுழன்றது. இரண்டு மூட்டைகளுக்கு நடுவே டிக்சன் ஒருக்களித்துக் கிடந்தான். முகம் இருட்டுக்குள் இருந்தது. கால்கள் மட்டும் வெளிச்சத்தில். வெளியே வருவதற்காக அவை இன்னும் நடந்துகொண்டிருந்தன, ஒன்று மாற்றி ஒன்று, காற்றில்.