மைனஸ் எட்டு பை

காலை எட்டரை. புரொபசர் அலமாரியைத் திறந்தார். திறந்த கை கதவிலேயே நின்றுவிட்டது.

வினாத்தாள் கட்டு வைத்த இடத்தில்தான் இருந்தது. ஆனால் உறையின் ஓரத்தை யாரோ பிளேடால் நறுவிசாக அறுத்திருந்தார்கள். பத்து மணிக்குப் பரீட்சை. பாடம், பன்மாறி நுண்கணிதம். பிள்ளைகள் வாயில் அது வெறும் 'மல்டி'.

மேசைக்கு அடியில் இரண்டு பொருள்கள் கிடந்தன. ஓர் அடையாள அட்டை. ஒரு வெள்ளைத்தாள். தாளில் வினாத்தாளின் நாலாவது கணக்கு முழுசாகப் போடப்பட்டிருந்தது. இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. வரிக்கு வரி மை தேய்ந்து, உள்ளங்கை இழுத்துக்கொண்டு போன தடம்.

அட்டையில் இருந்தது வகுப்பின் முதல் மாணவியின் முகம். இடக்கையால் எழுதுகிறவள். அதனால் கல்லூரி முழுக்க அவள் பெயர் 'லெஃப்டு'.

"இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றார் துறைத் தலைவர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டார் அந்த அம்மாள். "பரீட்சையைத் தள்ளி வையுங்க. மூணு மணிக்குக் கமிட்டி. அந்தப் பொண்ணை வெளிய அனுப்பிட்டு மத்த வேலையைப் பார்ப்போம்."

"அவசரப்படாதீங்க மேடம். போலீஸ்ல சொல்லி ஒழுங்கா விசாரிச்சா..."

"போலீஸா? காலேஜ் பேர் சந்தி சிரிக்கவா?"

"அப்போ நம்ம போலீஸ்?"

நம்ம போலீஸ் அப்போது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பரீட்சை தள்ளிப்போனதற்கு உள்ளூரச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். காவல்துறையில் இன்ஸ்பெக்டராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். கல்யாணத்துக்காகப் பாதியில் விட்ட கணிதப் பட்டத்தை இப்போது முடிக்க வந்திருக்கிறார். வயது ஐம்பத்தெட்டு ஆனாலும் வகுப்புக்கு அவர் 'இன்ஸ்பெக்டர் அக்கா'. ஒரே ஒருவனுக்கு மட்டும் 'அத்தை'. அவன் அவருடைய தம்பி மகன். எந்தக் கணக்கிலும் ஒரு வரி விடாமல் எழுதுவதால் அவன் பெயர் 'ஸ்டெப்ஸ்'. வகுப்பில் இரண்டாவது. சாயங்காலங்களில் அத்தையின் சமையலறை மேசையில் உட்கார்ந்து அவருக்கு மல்டி சொல்லிக்கொடுப்பதும் அவன்தான்.

"என் தம்பி பையனும் இதே வகுப்புல இருக்கான். அது தெரிஞ்சுதானே கேக்கிறீங்க?" என்றார் புரொபசர் அறைக்கு வரவழைக்கப்பட்ட அக்கா.

"தெரியும். நீங்க அதுக்காக வளைஞ்சு கொடுக்கிற ஆள் இல்லைன்னும் தெரியும்" என்றார் தலைவர். "இந்தத் தாளைப் பத்தி நம்ம மூணு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம்."

அக்கா புரொபசரிடம் திரும்பினார்.

"நேத்து சாயங்காலம் இந்த ரூமுக்கு யார் யார் வந்தாங்க?"

"சந்தேகம் கேக்க லெஃப்டும் ஸ்டெப்ஸும். அப்புறம் நம்ம டியூட்டர். நடுவுல எனக்கு போன் வந்துச்சு, வெளிய போயிட்டேன். திரும்பி வந்தப்போ ஒருத்தரும் இல்லை."

"அலமாரிச் சாவி?"

புரொபசர் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னல் விளிம்பில் ஒரு பூந்தொட்டி.

"தொட்டிக்குப் பின்னாலயா? சார், திருடன்கூட வெட்கப்படுவான்."

"எல்லாரும் நம்ம பசங்கதானேன்னு..."

"அதான் பிரச்சினையே."

பத்து மணி. காலி வகுப்பறை. முதலில் டியூட்டர். பயிற்சி வகுப்பு எடுக்கிற இளைஞர். உட்காரும்போதே நாற்காலியை இடித்துக்கொண்டார்.

"எப்போ கிளம்பினீங்க?"

"எனக்கு அப்புறமும் அந்தப் பசங்க ரெண்டு பேரும் இருந்தாங்க மேடம்."

"வினாத்தாளை முன்னாடியே பார்த்திருக்கீங்களா?"

"நாலாவது கணக்கு நான் போட்டதுதான் மேடம். சாஞ்ச வளையம். விடைத்தாளும் நான்தான் எழுதினேன். நான் ஏன் உறையை அறுக்கணும்?"

"அந்த மாதிரிக் கணக்குல பிளஸ்ஸா மைனஸான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? கட்டை விரலைத் தூக்கிப் பார்ப்பீங்களா?"

"அதெல்லாம் புரொபசர் பசங்களுக்குச் சொல்ற வித்தை. நான் டிட்டர்மினன்ட் போட்டுடுவேன். குறி தானா வந்து விழுந்துடும். கை எதுக்கு?"

அடுத்து லெஃப்டு. கண் இமை வீங்கியிருந்தது.

"உன் அட்டை எப்படிம்மா அங்க போச்சு?"

"தெரியலை அக்கா. அது தொலைஞ்சு நாலு நாள் ஆச்சு. வகுப்புலயே எழுந்து நின்னு கேட்டேனே, யாராவது பார்த்தீங்களான்னு. நீங்களும் இருந்தீங்க."

"இருந்தேன். தொலைஞ்சு போச்சுன்னு முன்னாடியே சொல்லி வச்சாங்கறதும் ஒரு தந்திரம்தான்னு கமிட்டி சொல்லும்."

மேசை மேல் இருந்த பென்சிலை இடக்கையில் எடுத்துச் சுழற்றினாள்.

"உன்னை வெளிய அனுப்பினா என்ன பண்ணுவே?"

"வீட்டுக்குப் போக மாட்டேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதை அவள் சொன்ன விதம் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. வேலையில் இருந்த காலத்தில் அந்தக் குரலை இரண்டு தடவை கேட்டிருக்கிறார். இரண்டு தடவையும் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தார்.

கடைசியாக ஸ்டெப்ஸ்.

"அத்தை, லெஃப்டு அப்படிப் பண்ற பொண்ணே இல்லை. எனக்கு நோட்ஸெல்லாம் கொடுத்திருக்கா."

"அவளைப் பத்தி நான் கேக்கவே இல்லையேடா."

"வெளிய எல்லாரும் அவளைத்தான் பேசறாங்க. உறையை அறுத்துட்டாங்களாம், அவ அட்டை கிடைச்சுதாம்."

"நீ எப்போ கிளம்பினே?"

"அவளுக்கு முன்னாடி."

"அவ, உனக்கு முன்னாடியே போயிட்டேங்கறா."

"அவ வேற என்ன சொல்லுவா அத்தை?"

அக்கா அவன் முகத்தைப் பார்த்தார். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் இவர் மடியில்தான் தூங்குவான். அந்த முகத்தில் படிக்க ஒன்றும் அகப்படவில்லை.

இந்த ஆண்டு இறுதியில் ஆராய்ச்சி நிலையத்துக்கு இந்த வகுப்பிலிருந்து ஒருவரை அனுப்புவார்கள். ஒரே ஒருவர். லெஃப்டு முதலிடம், ஸ்டெப்ஸ் இரண்டாமிடம். ஒவ்வொரு தேர்விலும் ஓரிரு மதிப்பெண்தான் வித்தியாசம். மகன் போகப்போகிறான் என்று தம்பி ஊரெல்லாம் சொல்லி முடித்துவிட்டான்.

மதியம். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே அக்கா தாளை முன்னால் வைத்துக்கொண்டார். திருட்டைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் திருடப்பட்டதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும் என்பது அவருடைய பழைய வழக்கம். நாலாவது கணக்கைத் தானே போட்டுப் பார்த்தார்.

பாதி திறந்த மூடிபோல் சாய்ந்து நிற்கும் ஒரு வளையம். அதைச் சுற்றிப் போக ஓர் அம்புக்குறி. வளையம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அம்பு போகிற பக்கமாக நான்கு விரல்களையும் மடக்கினால், கட்டை விரல் காட்டுகிற பக்கம். பக்கம் மாறினால் பிளஸ் மைனஸாகிவிடும். மற்றதெல்லாம் பெருக்கல், கூட்டல்.

கணக்கு முடிந்தது. மைனஸ் எட்டு பை. தாளிலும் மைனஸ் எட்டு பை.

புரொபசர் அறைக்கு ஓடாத குறையாகப் போனார்.

"சார், நானும் தேறிட்டேன்! எனக்கும் அதே விடைதான் வருது."

புரொபசர் அவருடைய தாளை வாங்கிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"மறுபடியும் அதே கதை. விடை பிளஸ் எட்டு பை. உங்களுதும் தப்பு, அந்தத் தாள்ல இருக்கிறதும் தப்பு. பயத்துல அவளும் சறுக்கிட்டா போல."

"இதுக்கு முன்னாடி எப்பவாவது சறுக்கியிருக்காளா?"

"லெஃப்டா?" புரொபசர் யோசித்தார். "குறியிலயா? இல்லை. ஒரு தடவைகூட இல்லை."

"நான் மட்டும் ஏன் சார் எப்பவும் சறுக்கறேன்?"

"போன வாரமே சொன்னேனே, கையைப் பாருங்கன்னு. இப்போ என் எதிர்லயே செய்யுங்க."

அக்கா பேனாவும் கையுமாக நின்றிருந்தார். வளையத்தின் மேல் கையைக் கொண்டுபோய் விரல்களை மடக்கினார். கட்டை விரல் நிமிர்ந்தது.

அப்படியே நின்றுவிட்டார்.

பேனா வலக்கையில் இருந்தது. நிமிர்ந்து நின்றது இடக்கைக் கட்டை விரல்.

"வலக்கை விதிம்மா, வலக்கை!" என்று புரொபசர் சிரித்தார். "பேனாவைக் கீழ வச்சுட்டு அந்தக் கையால பார்க்கணும்."

அக்கா சிரிக்கவில்லை. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"என்னாச்சு? தண்ணி வேணுமா?"

"சார், இந்தப் பழக்கம் எனக்கு உங்க வகுப்புல வந்தது இல்லை" என்றார் மெதுவாக. "என் வீட்டுச் சமையலறை மேசையில வந்தது."

இரண்டரை மணி. புரொபசர் அறை. தலைவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஸ்டெப்ஸ் உள்ளே வந்து அத்தைக்கு எதிரில் உட்கார்ந்தான்.

"கண்ணா, நீ எதையாவது விட்டுட்டியா? இப்போ சொன்னா நல்லது."

"எல்லாத்தையும் சொல்லிட்டேனே அத்தை."

"நல்லா யோசி. நான் காத்திருக்கேன்."

"யோசிக்க என்ன இருக்கு?"

அக்கா நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"சரி. லெஃப்டு மாட்டிக்கிட்டா. ஆனா பாரு, வினாத்தாளைத் திருடியும் அவளுக்குப் பிரயோஜனம் இல்லை. நாலாவது கணக்குல விடை பிளஸ். மைனஸ்னு போட்டு வச்சிருக்கா. இவ எல்லாம் ஒரு முதல் ரேங்க்!"

"பிளஸ்ஸா?" ஸ்டெப்ஸ் நிமிர்ந்தான். "யார் சொன்னது?"

"எல்லாரும்தான் சொல்றாங்க. சின்னப் பிள்ளைகூடச் செய்யாத தப்பாம்."

"தப்பே இல்லை! வளையம் சாஞ்சு இருக்கு அத்தை, அம்பு இப்படிப் போகுது, அப்போ கீழ்ப்பக்கம் பார்த்துதான்..." வலக்கை மேசையிலிருந்த பேனாவை எடுத்தது. இடக்கை எழுந்து காற்றில் மடங்கியது. "பாருங்க, மைனஸ்தான். மைனஸ் எட்டு பை!"

"எந்தக் கணக்கு கண்ணா?" என்று அக்கா கேட்டார். "வினாத்தாளை இன்னும் யாருக்கும் கொடுக்கலையே."

அவனுடைய கட்டை விரல் இன்னும் காற்றிலேயே நின்றது. அதை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"எனக்குப் புரியலை" என்றார் தலைவர். "எழுத்து அவளுது மாதிரியேதானே இருக்கு? மைகூட அப்படித்தானே தேய்ஞ்சிருக்கு?"

"அதுதான் மேடம் நம்ம எல்லாரையும் ஏமாத்திச்சு. அவ நோட்ஸைப் பார்த்துப் பார்த்து எழுத்தைச் சாய்ச்சு எழுதினான். உள்ளங்கையால தேய்ச்சும் விட்டான். இடக்கைக்காரி எழுதினதுன்னு சொல்ல என்னென்ன வேணுமோ எல்லாம் செஞ்சான். கணக்கை மட்டும் அவனா போட்டான். அந்தப் பொண்ணுக்குப் பேனா இடக்கையில இருக்கும், வலக்கை சும்மா இருக்கும். விரலை மடக்கினா வலக்கைதான் மடங்கும். அதனாலதான் அவளுக்குக் குறி தப்பினதே இல்லை. வலக்கையில பேனா பிடிக்கிறவன்தான் அதைக் கீழ வைக்கச் சோம்பல்பட்டு இடக்கையைத் தூக்குவான். டியூட்டருக்குக் கையே வேண்டாம். மிச்சம் இருந்தது ஒருத்தன். ஒவ்வொரு பரீட்சையிலயும் இவனுக்குப் போன மதிப்பெண்ணும் இதே மைனஸாலதான் போயிருக்கும். அதான் ரெண்டாவது."

புரொபசர் மேசையைப் பார்த்துத் தலையாட்டினார்.

"அந்த அட்டை?" என்றார் தலைவர்.

"லைப்ரரியில அவ மறந்து வச்சுட்டுப் போயிட்டா" என்றான் ஸ்டெப்ஸ். "திருப்பிக் கொடுக்கணும்னுதான் எடுத்தேன். அப்புறம்... எனக்கு அந்த இடம் வேணும் அத்தை. அப்பா எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு."

மூன்று மணிக்குக் கமிட்டி கூடியது. வேறு பெயரைப் பேசியது. பரீட்சை புது வினாத்தாளோடு நாளைக்கு என்று பலகையில் ஒட்டினார்கள். லெஃப்டு அதைப் படித்துவிட்டு, தாழ்வாரத்தில் நின்ற இருவரையும் கடந்து போனாள். அக்காவைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பக்கத்தில் அவன் நிற்பதைப் பார்த்துவிட்டு, சொல்லாமலே போய்விட்டாள்.

"அப்பாகிட்ட நீங்க சொல்றீங்களா?" என்று ஸ்டெப்ஸ் கேட்டான்.

"நீதான் சொல்லணும்."

"என்னால முடியாது அத்தை."

"நான் பக்கத்துலயே நிக்கறேன். போடு."

அவன் போனை எடுத்தான். எண் ஒரு தடவை தவறிப்போனது. மறுபடி போட்டான். ஒலிபெருக்கியை அக்காதான் தட்டிவிட்டார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான் தம்பி.

"டேய், முடிஞ்சுதா? எப்படி எழுதினே? சொல்லு சொல்லு, பக்கத்துல உங்கம்மாவும் காது வச்சுக்கிட்டு நிக்கிறா. அது இருக்கட்டும், நம்ம இன்ஸ்பெக்டரம்மா பாஸாயிடுவாங்களா? இல்லை, கடைசி பெஞ்சுல தூங்கிட்டாங்களா?" பின்னால் ஒரு பெண்ணின் சிரிப்பும் சேர்ந்து கேட்டது. "என்னடா சத்தத்தையே காணோம்? டேய்... அக்கா இருக்காளா அங்க?"

"இருக்கேன்டா" என்றார் அக்கா. "அவன் சொல்லுவான். கேளு."