அம்மா பூட்டி வைத்த சத்தம்

அஸ்தினாபுரத்தில் காலை ஒன்பது மணி ஆகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள யாரும் கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. "மீனேய்… சங்கரா, நெத்திலி, வஞ்சிரமேய்…" என்று அங்காளம்மாவின் குரல் கேட்டால் ஒன்பது மணி. சாத்திய ஜன்னல், ஓடுகிற மிக்ஸி, டி.வி. எல்லாவற்றையும் தாண்டி அந்தக் குரல் மூன்றாவது மாடிக்குப் போய்விடும். அங்கேயும் நிற்காமல் நேராகச் சமையலறைக்குள் நுழையும்.

அந்தக் குரல்தான் இப்போது போய்விட்டது.

"பத்து நாள் வாயே திறக்கக் கூடாது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். "கத்தவும் கூடாது, கிசுகிசுன்னு பேசவும் கூடாது. மீறினா குரல் இப்படியே கரகரன்னு நின்னுடும்."

அங்காளம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். டாக்டர் முறைத்தார். வாயை மூடிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அம்மா கையாலேயே பேசினாள். உள்ளங்கையை இரண்டு முறை தட்டினால் 'சாப்பிட வா'. மூன்று முறை தட்டினால் 'இப்ப வர்றியா இல்லையா'. மூன்றுக்குமேல் தட்டும் அளவுக்கு மகள் ஜெயப்ரியாவும் அவள் தம்பி முகிலனும் வைத்துக்கொள்வதில்லை.

அப்பா லாரியோடு போனால் திரும்பி வரப் பத்து நாள் ஆகும். அதனால் ஜெயப்ரியாதான் அம்மாவோடு கிளம்பினாள். ஆறாம் வகுப்பு முடிந்து கோடை விடுமுறை. முகிலனைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, கீழ்க்கட்டளை வீட்டிலிருந்து மீன் நிறைந்த அலுமினிய அன்னக்கூடையோடு ஷேர் ஆட்டோவில் ஏறினார்கள்.

முதல் நாள் ஜெயப்ரியாவே கூவிப் பார்த்தாள். வகுப்பில் "உள்ளேன் டீச்சர்" என்று சொன்னாலே பின் வரிசைக்குக் கேட்காத குரல் அவளுடையது. "மீன்… மீன்…" என்று இரண்டு தெரு வரைக்கும் இழுத்தாள். மூன்றாவது தெருவில் அவளுக்கும் தொண்டை எரிந்தது. அம்மா அவள் வாயைப் பொத்தி, போதும் என்று தலையை ஆட்டினாள்.

இரண்டாம் நாள் ஜெயப்ரியா ஒரு யோசனை செய்தாள். பழைய இரும்பு வாங்குகிறவர் வண்டியில் ஒலிப்பதிவுதானே கூவுகிறது? அம்மாவின் போனில் தன் குரலையே பதிவு செய்துகொண்டாள். முதல் தெருவில் போனை உயரே தூக்கிப் பிடித்து ஓட விட்டாள்.

மதில்மேல் உட்கார்ந்திருந்த காக்கா ஒன்று தலையைச் சாய்த்துக் கேட்டது. காக்காவைத் தவிர வேறு யாருக்கும் கேட்கவில்லை.

வெயில் ஏறிக்கொண்டே போனது. சத்தத்தைக் கூட்டும் பொத்தானை அவள் அழுத்தி அழுத்தி விரல் வலித்ததுதான் மிச்சம். மூன்றாவது மாடியில் துணி உலர்த்த வந்த புஷ்பலதா தற்செயலாகக் கீழே பார்த்தார்.

"ஏன் அங்காளம்மா, சத்தமே போடாம போறீங்க? நேத்தும் நீங்க வரலைன்னு நினைச்சு கோழி வாங்கிட்டேன். இன்னைக்கும் அதுதான் அடுப்புல இருக்கு."

அம்மா சிரித்த மாதிரி தலையை ஆட்டினாள். அந்தச் சிரிப்பு தெருமுனை வரைக்கும்கூட நிற்கவில்லை.

கடைசித் தெருவில்தான் அது நடந்தது. கூடையில் பாதிக்குமேல் மீன் அப்படியே இருந்தது. ஐஸ் உருகி அம்மாவின் தோளில் சொட்டியது. பொறுக்க முடியாமல் அம்மா வாயைத் திறந்து, "மீ…" என்றாள். துருப்பிடித்த கேட்டைத் தள்ளும் சத்தம் மாதிரி ஏதோ வந்தது. அம்மா தொண்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"வேணாம்மா" என்றாள் ஜெயப்ரியா. "மீன் போனா போவட்டும். கத்தாத."

அவளுக்குப் பயமாக இருந்தது. மீன் மிஞ்சினால் குழம்பு வைக்கலாம். குரல் போனால் என்ன செய்வது? நாளைக்கும் இப்படி ஆனால் அம்மா கட்டாயம் கூவிவிடுவாள். அவளைத் தடுக்க முடியாது.

மத்தியானம் தட்டைப் பார்த்ததும் முகிலன் மூக்கால் அழுதான்.

"இன்னைக்கும் சங்கராவா? நேத்து சங்கரா. ராத்திரி சங்கரா. காலைல பழைய சங்கரா."

"நாளைக்கு வேற தர்றேன். இப்ப சாப்பிடு" என்றாள் ஜெயப்ரியா.

"வேறன்னா இன்னா?"

"மூஞ்சிய மாத்தி வெச்ச சங்கரா."

முகிலன் அதை நம்பிச் சாப்பிட்டான். அவனுக்கு ஐந்து வயதுதான்.

அம்மா கட்டிய புடவையோடு தரையிலேயே படுத்து, கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு தூங்கிப்போனாள். ஜெயப்ரியாவுக்கும் காலெல்லாம் கடுத்தது. படுத்தால் எழுந்திருக்க மாட்டோம் என்று தெரிந்ததால், சுவரில் சாய்ந்துகொண்டு போனைக் கையில் எடுத்தாள்.

மீன் தண்ணீர் படாமலிருக்க அம்மா அதைப் பால் கவருக்குள் போட்டு ரப்பர் பேண்டு சுற்றி வைத்திருப்பாள். அந்தக் கவரைக் கழற்றினாள். அடியில் சத்தம் வரும் சின்ன ஓட்டைகளில் என்னவோ மினுங்கியது. பழைய பல் துலக்கும் பிரஷால் மெல்ல நெருடினாள். ஒரு மீன் செதில் வந்தது. இன்னொன்று வந்தது.

"அக்கா, போன் மீனு தின்னுச்சா?" என்று கேட்டான் முகிலன்.

"ஆமா. அதுவும் சங்கராதான்."

இப்போது கொஞ்சம் தெளிவாகக் கேட்டது. ஆனால் மூன்றாவது மாடிக்கு இது ஏறாது. சரி, உள்ளே போய்ப் பார்ப்போம் என்று செட்டிங்ஸைத் திறந்தாள்.

செட்டிங்ஸ் என்பது பரண் மாதிரி. எதை எடுக்கப் போனாலும் வேறு எதுவோ தலையில் விழும். முதலில் எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவுக்குப் பெரிதாகிவிட்டது. அதைச் சரிசெய்யப் போய் வேறொன்றைத் தொட்டாள். உடனே போன் தொட்டதையெல்லாம் வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தது. "பேட்டரி, இருபத்தொரு சதவீதம்" என்றது. "பின்செல்" என்றது. முகிலன் கைதட்டினான். அதன் வாயை அடைக்க அவளுக்குக் கால் மணி நேரம் ஆனது.

கடைசியாக 'ஒலி' என்ற பக்கத்துக்கு வந்தாள். அங்கே எல்லாம் பார்த்தாயிற்று. மூடப்போகும்போது மேல் மூலையில் மூன்று புள்ளிகள் தெரிந்தன. கடுகு அளவு புள்ளிகள். இதையா யாராவது தொடுவார்கள் என்று நினைத்துக்கொண்டே தொட்டாள்.

'மீடியா ஒலி வரம்பு' என்று வந்தது. அதைத் திறந்தாள். பூட்டுப் படம் ஒன்று தோன்றி, நான்கு எண்களைக் கேட்டது.

ஜெயப்ரியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இது சின்னக் குரல் போன் இல்லை. யாரோ அதன் சத்தத்தைப் பாதியில் நிறுத்திப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

யார்? முகிலனுக்குப் பூட்டத் தெரியாது. அப்பாவுக்கு போன் எடுத்துப் பேச மட்டும்தான் தெரியும்.

அம்மா எழுந்திருக்கும் வரைக்கும் காத்திருந்தாள். எழுந்ததும் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, போனை நீட்டினாள்.

"அம்மா, இதுல யாரோ சத்தத்துக்குப் பூட்டு போட்டுக்கீறாங்க. உனக்குத் தெரியுமா?"

அம்மா திரையைக் கூர்ந்து பார்த்தாள். பிறகு நெற்றியில் மெதுவாக அடித்துக்கொண்டாள். தன் மார்பைத் தொட்டுக் காட்டினாள்.

"நீயா போட்ட?"

அம்மா தெருமுனைப் பக்கம் கையைக் காட்டினாள். காதில் போன் வைத்த மாதிரி செய்து காட்டினாள்.

"போன் கடை ஆஸ்டின் அண்ணாவா? அவர்கிட்ட சொல்லி நீ போட வெச்சியா? ஏம்மா?"

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். நான்கு விரல்களைக் காட்டினாள். ஜன்னலுக்கு வெளியே இன்னும் இருட்டு என்பதுபோல் கண்ணை மூடித் திறந்தாள்.

"விடியக்காலை நாலு மணி. நாலு மணிக்கு இன்னா?"

அம்மா கடல் அலை மாதிரி கையை ஆட்டிவிட்டு, வாய் ஓயாமல் பேசுகிற மாதிரி விரல்களை அடித்தாள். ஜெயப்ரியாவுக்குச் சிரிப்பு வந்தது. நீலாங்கரையில் மொத்தமாக மீன் எடுக்கும் ஞானம்மாள் அத்தைதான் அது. எந்தப் படகு வந்தது, என்ன மீன் வந்தது என்று தினமும் நாலு மணிக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். அதைக் கேட்டுத்தான் அம்மா மீன் வாங்கக் கிளம்புவாள்.

அம்மா இரண்டு கைகளையும் கன்னத்துக்குக் கீழே வைத்துத் தூங்குவதுபோல் சாய்ந்தாள். முதலில் முகிலனைக் காட்டினாள். அப்புறம் ஜெயப்ரியாவைக் காட்டினாள். உதட்டில் விரலை வைத்தாள்.

அவ்வளவுதான். மறுபடியும் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டாள்.

பகலில் முகிலன் கார்ட்டூனுக்குச் சத்தத்தைக் கூட்டி வைத்தாலும், நாலு மணிக்கு அது பாதிக்குமேல் ஏறக் கூடாது என்றுதான் பூட்டு. இந்த வீட்டில் இருப்பது ஒரே ஒரு அறை. ஞானம்மாள் அத்தையின் குரல் அம்மாவின் குரலுக்கு அக்கா. ஆனாலும் இத்தனை மாதத்தில் ஒரு நாள்கூட அது அவளை எழுப்பியதில்லை. அது ஏன் என்று அவள் யோசித்ததும் இல்லை. 'நம்ம போன் ஓட்டை போன், சத்தமே வராது' என்று அம்மாவிடம் எத்தனை முறை சலித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு முறைகூட அம்மா பதில் சொன்னதில்லை.

"நம்பரு இன்னாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

அம்மா போனை வாங்கி ஒரே இடத்தில் நான்கு முறை தட்டினாள். நாலு, நாலு, நாலு, நாலு. பூட்டு திறந்தது. பாதியில் நின்றிருந்த நீலக் கோட்டை ஜெயப்ரியா கடைசிவரை தள்ளினாள்.

இன்னும் ஒரு சிக்கல் இருந்தது. அவளுடைய "மீன்… மீன்…" பெரிய சத்தத்தில் இன்னும் பாவமாகக் கேட்டது. யார் வீட்டுப் பிள்ளையோ அழுகிறது என்று நினைப்பார்கள். அஸ்தினாபுரத்துக்குத் தெரிந்தது அம்மாவின் குரல்.

அதற்கும் ஞானம்மாள் அத்தையே உதவினார். பொங்கல் சமயத்தில் ஒரு நாள், இடுப்பில் செருகிய போனில் விரல் பட்டு, அம்மா தெருவில் கூவியது முழுவதும் வாய்ஸ் மெசேஜாக ஞானம்மாள் அத்தைக்குப் போய்விட்டது. அதற்கு அவர் அனுப்பிய பதிலை வீடே கேட்டுச் சிரித்திருக்கிறது. ஜெயப்ரியா பழைய செய்திகளைத் தள்ளித் தள்ளித் தேடினாள். இரண்டும் அப்படியே இருந்தன. "இன்னாடி அங்காளம்மா, கடலாண்ட கீறவகிட்டயே மீன் விக்கிறியா?"

மறுநாள் ஒன்பது மணிக்கு, போனைக் கவரில்லாமல் உயரத் தூக்கிப் பிடித்தாள் ஜெயப்ரியா.

"மீனேய்… சங்கரா, நெத்திலி, வஞ்சிரமேய்…"

மதில்மேல் இருந்த காக்கா பறந்தே போய்விட்டது. ஜன்னல் ஒன்று திறந்தது. எதிர்ப்பக்கம் இன்னொன்று திறந்தது. அன்று அம்மா பூனையை விரட்டியதையும் சேர்த்துப் போன் விடாமல் கூவியது. "மீனேய்… ஏய், ச்சூ, தள்ளிப் போ, உனக்கில்ல இது… யக்கா, தலையோட வெட்டவா, தலைய எடுத்துட்டா?"

"தலையோடவே வெட்டுங்க" என்று மூன்றாவது மாடியிலிருந்து பதில் வந்தது. புஷ்பலதா எட்டிப் பார்த்தார். "குரல் சரியாயிடுச்சா அங்காளம்மா? இதோ வர்றேன்."

அம்மா வாயைப் புடவை முந்தானையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தாள். டாக்டரைப் பார்த்த நாளிலிருந்து அவள் உண்மையாகச் சிரித்தது இப்போதுதான்.

பதினொன்றரைக்கெல்லாம் கூடை காலி. அடியில் ஒரே ஒரு சங்கரா கிடந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். முகிலனை நினைத்துக்கொண்டார்கள். ஜெயப்ரியா அதைத் தெருமுனைப் பூனைக்குப் போட்டாள்.

வீட்டுக்கு வந்து சாம்பார் வைத்து, முகிலனுக்குக் கொண்டாட்டமாக மூன்று முறை ஊற்றிக்கொடுத்துவிட்டு, அம்மா தரையில் சாய்ந்தாள். சாய்ந்த கையோடு தூக்கம். ஜெயப்ரியாவும் பக்கத்தில் படுத்தாள். கண் சொருகியது.

திடீரென்று அறை முழுக்க ஒரு யானை பிளிறியது. முகிலன் கார்ட்டூனைப் போட்டுவிட்டான்.

"அக்கா, நம்ம போன் இப்ப எவ்ளோ சத்தமா கீது பாரு" என்றான், வாயெல்லாம் பல்லாக.

அம்மா தூக்கத்திலேயே திடுக்கிட்டுப் புரண்டாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு முந்தானையை இழுத்துக் காதை மூடினாள். எழுந்திருக்கவில்லை.

ஜெயப்ரியா எழுந்து முகிலனிடமிருந்து போனை வாங்கினாள். ஒலி, மேல் மூலை, மூன்று புள்ளிகள். இப்போது அவளுக்கு வழி தெரியும். நீலக் கோட்டைப் பாதிக்கும் கீழே இறக்கி, நான்கு முறை நாலைத் தட்டிப் பூட்டினாள். காலையில் கிளம்பும்போது திறந்துகொள்ளலாம். போனைத் தம்பியிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"சத்தமே வரலியே. போன் மறுபடியும் ஓட்டையாயிடுச்சா?" என்று கேட்டான் முகிலன்.

"காதுகிட்ட வெச்சுக்கோ" என்று கிசுகிசுத்தாள். "அம்மா தூங்குறாங்க."

முகிலன் போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு வாயைப் பொத்திச் சிரித்தான். சாயங்காலம் வரைக்கும் அம்மா அசையவே இல்லை.